நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

அளவுக்காரருக்குப் பயம் முதன்முதலில் ஒரு செருப்பின் வழியாக வந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவர் செருப்புக் கடையில் கால் அளவெடுக்கிறார். கடையிலும் தெருவிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஒரு பழைய செருப்பைப் புரட்டிப் பார்த்தால் போதும், போட்டவர் எப்படி நடக்கிறார் என்று சொல்லிவிடுவார். குதிகால் தேய்ந்திருந்தால் அவசரக்காரர். வெளி ஓரம் தேய்ந்திருந்தால் மூட்டில் கோளாறு. அன்று காலை வாசலில் தாறுமாறாகக் கிடந்த மகளின் செருப்பை ஓரமாக நகர்த்தப் போனவர், இடது செருப்பின் முனை மட்டும் சீவி எடுத்ததுபோலத் தேய்ந்திருப்பதைப் பார்த்தார். முனை தேய்ந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். கால் தூக்கி வைக்கப்படவில்லை, இழுபடுகிறது.

அந்தத் தேய்மானத்தை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். மனைவியின் அக்காவுக்கு முப்பத்தொரு வயதில் கால் இழுத்தது. முப்பத்தாறில் ஊன்றுகோல். நாற்பதில் படுக்கை. இப்போது அவர் இல்லை. வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. பேச வேண்டிய கட்டாயம் வந்தால் ‘அக்காவுக்கு வந்தது’ என்பார்கள்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் இன்னும் பாப்பாதான்.

“பாப்பா, கால்ல ஏதாவது பண்ணுதா?”

“கொஞ்சம் மரத்துப் போகுதுப்பா. ஒரே இடத்துல உக்காந்து படிக்கிறேன்ல, அதான்.” பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். “கண்ணும் கொஞ்சம் மங்கலா இருக்கு. அதுக்கும் படிப்புதான் காரணம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.”

அடுப்படியில் மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவள் திரும்பவில்லை.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனார்கள். நரம்பு டாக்டர் பாப்பாவைக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், அக்காவைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டுப் பேசினார்.

“இது குடும்பத்துல இறங்கி வர்ற நோய். ரெண்டு விதமா வரலாம். நரம்பே தானா கெட்டா ஒரு மருந்து. ரத்தத்துல காவல் காக்கிற வெள்ளை அணுக்கள் புத்தி கெட்டுப்போய் நம்ம நரம்பையே கடிச்சா வேற மருந்து. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். மாத்திக் கொடுத்தா கால் சீக்கிரம் போயிடும்.”

“எவ்வளவு நாள் இருக்கு டாக்டர்?”

“நாள் சொல்ல மாட்டேன். சீக்கிரம்னு மட்டும் சொல்றேன்.”

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய ஆய்வு நிலையம் இருந்தது. மரபணுத் தொகுப்பை நம் உடம்பு எழுதப்பட்ட புத்தகம் என்று வைத்துக்கொண்டால், ஈரலும் இதயமும் மூளையும் வைத்திருப்பது அதே புத்தகத்தைத்தான். ஆனால் ஒவ்வொரு உறுப்பும் சில பக்கங்களை மட்டும் திறந்து படிக்கிறது, மற்றதை ஒட்டி மூடிவிடுகிறது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காட்டும் குறிகளைப் படிப்பதுதான் அந்த நிலையத்தின் வேலை. இதற்கு மேல்மரபணுவியல் என்று பெயர். குடும்ப நோய் பலவற்றில் மாறிப்போன எழுத்து மரபணுவுக்குள் இருப்பதில்லை. வெற்றுப் பக்கம் என்று நினைத்த இடத்தில் ஒரு ஸ்விட்ச் போல உட்கார்ந்திருக்கும். அந்த ஸ்விட்ச் எந்த உறுப்பில் திறந்திருக்கிறதோ, நோய் அங்கேதான் தொடங்குகிறது.

“பதினாலு நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க” என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். கண்டுபிடிக்க அத்தனை நாள்கூட ஆகவில்லை.

நிலையம் எட்டு மாடிக் கட்டடம். மாடிக்கு ஓர் உறுப்பு என்று பிரித்திருந்தார்கள். தோல் முதல் மாடி, ஈரல் இரண்டு, இதயம் மூன்று, மூளை நான்கு, ரத்தம் ஐந்து, எலும்பு ஆறு, கண் ஏழு. எட்டாவதில் எந்த உறுப்பும் இல்லை. அங்கே இயக்குநர் இருந்தார்.

வரவேற்பு மேசைக்காரர் தலை நிமிராமல் கேட்டார். “மாதிரி வந்திருக்கா?”

“எங்க பொண்ணு வந்திருக்கா சார்.”

“அது சரி. மாதிரி?”

பாப்பா கையை நீட்டி, “உள்ள இருக்கு சார், எடுத்துக்கோங்க” என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். அந்தக் கணத்திலிருந்து அவள் மாதிரி 4417. பிறகு ஒரு படிவம் வந்தது. மாதிரிக்கு நீங்கள் என்ன உறவு என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. சேகரித்தவர், அனுப்பியவர், சுமந்து வந்தவர். தந்தை என்று எதுவும் இல்லை. அளவுக்காரர் கொஞ்சம் யோசித்துச் ‘சுமந்து வந்தவர்’ என்பதில் டிக் அடித்தார்.

“சுமந்தவ நான்” என்றாள் மனைவி. “நீங்க ஏன் டிக் அடிக்கிறீங்க?”

“அடிச்சதை மாத்தக் கூடாது” என்றார் மேசைக்காரர். “நோய் எங்க?”

“கால்ல. கண்ணுலயும் கொஞ்சம்.”

“டாக்டர் நரம்புன்னு எழுதியிருக்கார். நாலாம் மாடி.” முத்திரை விழுந்தது. அந்த முத்திரையின் கனம் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் அளவுக்காரர் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நான்காம் மாடிக்குப் போனார். மூளைத் தலைவர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

“முடிவு வந்தாச்சு” என்றார்.

“சொல்லுங்க சார்.”

“உங்க பொண்ணுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அங்க ஒரு ஸ்விட்ச். நாங்க சேர்த்து வெச்சிருக்கற மூளை செல்கள்ல அது மூடியே கிடக்கு. எனக்கு அதுல ஒரு பெருமைதான். எங்க செல்கள் ஒழுக்கமானது. அப்படின்னா அது வேற எங்கயோ திறந்திருக்கு.”

“எங்க சார்?”

“தெரியும். ஆனா என்னோட மாடி இல்லாத உறுப்பைப் பத்தி நான் பேசக் கூடாது. அந்த மாடிதான் சொல்லணும்.”

“எந்த மாடி சார்?”

“அதைச் சொன்னா முடிவைச் சொன்ன மாதிரி ஆயிடுமே.”

“அப்ப பைலை அங்க அனுப்பிடுங்க சார். நான் கேட்டுக்கறேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன. போன வருஷம் ஒரே ஒரு பைலை நல்ல மனசோட ஈரலுக்குக் கொடுத்தேன். என் ஜன்னலோரத்து அறை போச்சு. இங்க பைல் எண்ணிக்கையை வெச்சுத்தான் எல்லாம். ஆளு, கருவி, நாற்காலி. நான் என் மாடியோட நலனைப் பாக்கலன்னா வேற யார் பாக்கறது? நோயாளியா பாப்பாரு?”

அளவுக்காரருக்கு மாடி எதுவென்று தெரியாததால் எல்லா மாடியும் ஏறினார். தோல்காரர்கள் அவருடைய முழங்கையைப் பார்த்து வறண்டிருக்கிறது என்றார்கள். இதயக்காரர்கள் அவர் மூச்சு வாங்குவதைக் குறித்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாடியில் மட்டும் 4417 என்று சொன்னவுடன் உதவியாளர் எழுந்து போய் உள்கதவைச் சாத்தினார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆனால் கதவு சாத்தியதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது.

ரத்தத் தலைவியைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் பாப்பா குளியலறையில் ஒரு முறை விழுந்துவிட்டாள். கையில் ஊன்றுகோல் வந்திருந்தது. அவள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்து, எங்கே போனாலும் “மாப்பிள்ளையக் கூப்பிடுங்க” என்றாள். அம்மாவும் அப்பாவும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். சிரித்தார்கள்.

ரத்தத் தலைவி கேட்ட முதல் கேள்வி, “உங்க பொண்ணுக்கு ரத்தசோகை இருக்கா?”

“இல்ல மேடம்.”

“மூக்குல ரத்தம் வருதா? ஈறுல?”

“இல்ல.”

“அப்பறம் எதை நம்பி என் மாடிக்கு வந்தீங்க? கால் இழுக்குதுன்னு வந்தவங்களை நான் எடுத்தேன்னா நாளைக்குப் பத்திரிகையில என்ன போடுவான்? ரத்தத்துக்கு மரியாதை வேண்டாமா? நோய் ரத்தத்துல இருந்து கிளம்பலாம். இல்லைன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா ரத்தத்துக்கு ஒரு தொல்லையும் இல்லையே. தொல்லை நரம்புக்கு. தொல்லைப்படறவன்தான் சார் நோயாளி. தொல்லை கொடுக்கறவன் இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “லேசா ஒரு ரத்தசோகையாவது இருந்தா எனக்கும் ஒரு பிடி கிடைக்கும். பாத்துட்டு வாங்க.”

அன்று மாலை அளவுக்காரர் வீட்டுக்கு வந்ததும் மகளின் கன்னத்தைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பு. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அடுத்த நொடி, தான் ஏமாந்தது எதற்கு என்று உறைத்தது. எழுந்து வெளியே போய்த் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். மகளுக்கு ரத்தம் கெடவில்லையே என்று வருத்தப்படுகிற தகப்பனாகத் தன்னை ஆக்கியிருக்கிறார்கள் என்ற நினைப்பு, நோயைவிட அதிகமாக அவரைப் பயமுறுத்தியது.

இரண்டு மாடிகளுக்கு இடையே தகராறு என்றால் தீர்த்துவைக்க உறுப்பு எல்லைக் குழு என்று ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். மாதிரியை நேரில் கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்தது. போனார்கள். மின்தூக்கி அருகே ஒரு சிக்கல் எழுந்தது. நான்காம் மாடியில் உட்கார வைத்தால் மூளைக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஐந்தில் உட்கார வைத்தால் ரத்தத்துக்கு. கடைசியில் இரண்டுக்கும் நடுவே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கே மின்தூக்கி நிற்காது. பாப்பா மாப்பிள்ளையை ஒரு கையிலும் கைப்பிடிச் சுவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஐந்தாம் மாடியிலிருந்து பன்னிரண்டு படி இறங்கினாள். அளவுக்காரர் முன்னால் பின்பக்கமாக இறங்கினார், விழுந்தால் தாங்க. படி படியாக எண்ணினார். பன்னிரண்டு முடிந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

குழுவினர் மேலும் கீழுமாகப் படிகளிலேயே நின்றார்கள். தலைமை தாங்கியவர் ஆறாம் மாடி எலும்புத் தலைவர். ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்ததால் யாருக்கும் கெட்டவராகப் போக விரும்பாதவர்.

“யாருக்கும் நஷ்டம் இல்லாம ஒரு யோசனை” என்றார். “கால் எங்க ஆறாம் மாடிக்கு. கண் ஏழாம் மாடிக்கு. மாறின எழுத்து மூளைக்கு. ஸ்விட்ச் ரத்தத்துக்கு. எல்லாருக்கும் ஆளுக்கொரு பைல். மிச்சத்தை வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போகலாம்.”

“மிச்சம் என்ன சார் இருக்கும்?” என்று கேட்டாள் பாப்பா.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கலந்து பேசினார். “பேரு” என்றார்.

ஆனால் மூளைத் தலைவர், எழுத்தும் ஸ்விட்சும் ஒரே இடத்தில் இருப்பதால் பிரிக்க முடியாது என்று ஆட்சேபித்தார். ரத்தத் தலைவி, பிரிக்க முடியாது என்பதை முதலில் தான்தான் சொன்னதாகக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். நாற்பது நிமிடம் இதிலேயே போனது. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து.

“மூணு மாசத்துல இவளால நடக்க முடியாம போயிடும் சார்” என்றாள் மனைவி. எதற்கும் குரல் உயர்த்தாத மழலையர் பள்ளி ஆசிரியை அவள். அன்றும் உயர்த்தவில்லை.

“அப்படி ஆச்சுன்னா எங்களுக்கு எழுதித் தெரியப்படுத்துங்க” என்றார் எலும்புத் தலைவர் அன்போடு. “அதுவும் ஒரு தகவல்தான்.”

எல்லோரும் போனபின் ஒரு பெண் படியேறி வந்தாள். வெள்ளை அங்கி, கசங்கிய கழுத்துப்பட்டை. நான்காம் மாடியில் மூன்றாம் மேசையில் வேலை பார்ப்பவள். நாற்காலி தங்கள் மாடியுடையது என்பதால் எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். பாப்பா எழுந்துகொள்ளப் போனாள். வந்தவள் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

“ரத்தம்தான்” என்றாள், மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு. “காவல் அணுக்கள்ல மட்டும் அந்த ஸ்விட்ச் திறந்திருக்கு. வேற எதுலயும் இல்ல. முதல் வாரமே தெரிஞ்சுடுச்சு. நான்தான் பாத்தேன். சந்தேகம் வரக் கூடாதுன்னு நாலு தடவை பாத்தேன்.”

மனைவிதான் கேட்டாள். “இதை நாங்க போய்ச் சொன்னா டாக்டர் நம்புவாராம்மா?”

“என்கிட்ட பேசச் சொல்லுங்க.” அங்கிப் பையில் தாள் இல்லை. அளவுக்காரரின் வலது உள்ளங்கையை இழுத்து அதில் தன் போன் எண்ணை எழுதினாள். “நான் சொன்னேன்னு தெரிஞ்சா எனக்கு இங்க வேலை இருக்காது. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.”

மருத்துவமனைவரை பேருந்தில் அவர் அந்தக் கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வியர்வையில் எண் அழிந்துவிடுமோ என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் அதன்மேல் ஊதினார். பக்கத்து இருக்கைக்காரர் கை சுட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

டாக்டர் நான்கு நிமிடம் போனில் பேசினார். நடுநடுவே “சரி”, “சரி” என்றார். வைத்துவிட்டு மருந்து எழுதினார். அன்றே முதல் ஊசி போட்டார்கள்.

ஏழாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பா கூடத்தில் நின்று இடது கால் பெருவிரலைத் தரையிலிருந்து தூக்கினாள். ஒரு விரல் உயரம். பிறகு அதையே மறுபடி செய்தாள். அளவுக்காரர் கடையிலிருந்து அளவுகோலைக் கொண்டுவந்திருந்தார், ஆனால் அளக்கவில்லை. மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மாதிரியை நிலையம் மறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பதாக முதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போய்க் கொடுத்தார்கள். பத்தாம் நாள் பதிவுத் தபால் வந்தது.

‘மாதிரி 4417இன் குறிகள் நிலையத்தின் அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளன. சுமந்து வந்தவர் விசாரணைக்கு ஆஜராக வேண்டும்.’

மருந்து வேலை செய்திருந்தது. காவல் அணுக்கள் அடங்கியிருந்தன. அடங்கியபோது அவற்றின் குறிகளும் மாறியிருந்தன. நிலையத்தைப் பொறுத்தவரை யாரோ அவர்களுடைய மாதிரியைக் கெடுத்துவிட்டார்கள்.

விசாரணை எட்டாம் மாடியில் நடந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் இயக்குநர், இரு புறமும் மூளையும் ரத்தமும். இருவரும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்தார்கள். எதிர்ப்பக்கம் அளவுக்காரர் மட்டும். மேசையின் கோடியில் குறிப்பெடுக்க ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அது மூன்றாம் மேசைப் பெண். அவளை அங்கே பார்த்ததும் அவர் பார்வையைச் சட்டென்று பிஸ்கட் தட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

“உங்க பொண்ணு நல்லாயிட்டா. அது உங்க சொந்த விஷயம். நாங்க தலையிட மாட்டோம்” என்று தொடங்கினார் இயக்குநர். “ஆனா பாருங்க. மனிதனுடைய எல்லா ஸ்விட்சையும் வரைபடம் ஆக்கறதுக்குப் பத்து வருஷமா உழைக்கிறோம். நாங்க ஒரு நோயை அசையாம பிடிச்சு வெச்சிருக்கோம். அதை நல்லா பார்த்து, எழுதி, உலகத்துக்குச் சொல்லணும். நடுவுல வந்து அதைக் குணப்படுத்திட்டா எப்படி? எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா மனித நோய்களை நாங்க எதை வெச்சுப் புரிஞ்சுக்கறது?”

“தப்புதான் சார்” என்றார் அளவுக்காரர். அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் தீர்மானிக்கவில்லை. பயத்தில் தானாக வந்தது.

“எங்க முடிவு இன்னும் வெளிய போகவே இல்ல. சரியான மருந்து எதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

மூன்றாம் மேசைப் பெண்ணின் பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது. அளவுக்காரர் அந்தக் காதைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் நேருக்கு நேர் யாரிடமும் பொய் சொன்னதில்லை, கடையில் இறுக்கிப் பிடிக்கிற செருப்புக்கு ‘போடப் போட விட்டுக்கொடுக்கும்’ என்று சொல்வதைத் தவிர.

“யாரும் சொல்லல சார். டாக்டர் ரெண்டு மருந்து இருக்குன்னார். நான் செருப்புக் கடையில வேலை பாக்கறவன். எனக்கு என்ன தெரியும். கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொட்டேன்.”

மூளைத் தலைவர்தான் முதலில் சிரித்தார். “பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு சார். நடக்கக் கூடியதுதான்.”

“இவங்க அப்படித்தான் செய்வாங்க” என்று ஆமோதித்தார் ரத்தத் தலைவி.

இயக்குநருக்கும் அது பிடித்திருந்தது. தங்கள் கட்டடத்திலிருந்து உண்மை வெளியே போயிற்று என்பதைவிட, எதிரே இருப்பவன் முட்டாள் என்பது நம்புவதற்குச் சுகமாக இருந்தது. “எழுதிக்கோம்மா. தந்தை அறியாமையில் செய்தார்.”

“அறியாமைன்னே எழுதட்டுமா சார்?” என்று கேட்டாள் அவள்.

“அடிக்கோடு போட்டு எழுது.”

பிறகு தீர்ப்பைச் சொன்னார். கெட்டுப்போன மாதிரிக்கு ஈடாக, அதே குடும்பத்திலிருந்து மருந்து படாத ஒரு மாதிரி தர வேண்டும். அக்கா, தங்கை, மகள் என்று எழுத்து இறங்கிவந்த வழியைப் பார்த்தால் அது தாயாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குத் தாய் எந்த மருந்தும் சாப்பிடாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் மாதிரி வராவிட்டால், யார் சொன்னது என்ற விசாரணை மறுபடி திறக்கப்படும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம் போட்டாள். கடைசிப் படத்துக்கும் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“எனக்கும் இடது கால் மரத்துப் போகுது” என்றாள். “எட்டு மாசமாச்சு.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஏன் சொல்லல?”

“ஒருத்திக்கே எட்டு மாடி ஏறி இறங்கினீங்க. ரெண்டு பேருன்னா நீங்க தாங்க மாட்டீங்க. முதல்ல அவ எழுந்து நடக்கட்டும்னு இருந்தேன்.” படங்களைத் தட்டி நேராக்கினாள். “இப்ப என்னை அசல் நிலையில வெச்சிருக்கணும்னா, என் அக்கா மாதிரி ஆகணும். அதைத்தானே கேக்கறாங்க?”

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். எந்த எழுத்து என்று தெரிந்துவிட்டதால் அதை மட்டும் பார்க்க மருத்துவமனை ஆய்வுக்கூடமே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் முடிவு வந்தது. அதே எழுத்து. அவளுக்கும் அன்றே ஊசி போட்டார்கள்.

ஒரு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அளவுக்காரர் நிலையத்துக்குத் தனியாகப் போனார். மாதிரி எடுக்கும் அறையில் வரிசையில் உட்கார்ந்தார். தன் முறை வருவதற்குள் இருமுறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். உள்ளே ஊசியும் புட்டியுமாக இருந்தவள், அன்று அந்த அறையில் முறை வந்திருந்த மூன்றாம் மேசைப் பெண்தான்.

“பேர்?”

மனைவியின் பெயரைச் சொன்னார்.

“வயசு?”

“நாப்பத்திமூணு.”

“4417க்கு என்ன உறவு?”

“தாய்” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். நரைத்த மீசையைப் பார்த்தாள். கதவருகே காவலாளி நின்றுகொண்டிருந்தார். படிவத்தில் வெகு நேரம் எதையோ எழுதினாள். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “கையை நீட்டுங்கம்மா” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு தபாலில் வந்தது. மனைவி பெயருக்குத்தான். அது ஒரு சனிக்கிழமை காலை. பாப்பா மாப்பிள்ளையை மூலையில் சாத்திவிட்டு மேசைவரை தானே நடந்து வந்து உட்கார்ந்தாள். மனைவி உறையைக் கிழித்து, வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“ஒண்ணு. தாயின் மாதிரியில் மாறிய எழுத்து காணப்படவில்லை. நோய் தானாக மறைந்ததற்கு உலகில் இதுவே முதல் சான்றாக இருக்கலாம். இதற்கான பெருமை தங்களுக்கே என நான்காம் மாடியும் ஐந்தாம் மாடியும் தனித்தனியே விண்ணப்பித்துள்ளன.”

பாப்பா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரெண்டு. தாயின் மாதிரியில் ஆண் குரோமோசோம் தென்படுகிறது. இது எந்த மாடிக்கு உரியது என்பதை உறுப்பு எல்லைக் குழு பரிசீலிக்கும்.”

இப்போது மனைவியும் சிரித்தாள். தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். மூன்றாவது குறிப்பு மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தது. கீழே மூன்றாம் மேசையின் கையெழுத்து.

“மூணு. மாதிரியில் பார்த்த எல்லா வகை அணுக்களிலும் நீண்ட நாள் அச்சத்தின் குறிகள் உள்ளன. இது எந்த மாடிக்கும் உரியதல்ல. வீட்டாருக்குத் தெரிவிக்கவும்.”

அவள் குரல் கடைசி வார்த்தையில் தாழ்ந்தது. அந்த வரியை மனத்துக்குள் இன்னொரு முறை படிப்பது அவள் உதட்டில் தெரிந்தது. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். பாப்பாவும் பார்த்தாள்.

“துணி காயப்போடணும்” என்றார் அளவுக்காரர்.

“துணி இருக்கட்டும்” என்றாள் மனைவி. தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “இங்க வந்து உக்காருங்க.”

அவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. இந்த ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட நடுங்காத கைகள். மனைவி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்றைப் பாப்பா பிடித்துக்கொண்டாள். அது நிற்கிறவரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.